வர்ஜீனியா உயில்கள், நிலப் பட்டாக்கள்: வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். என் கணவரின் வம்சாவளியைத் தேடிவருகிறேன். அவருடைய முன்னோர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கிங் அண்ட் குயின் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) குடியேறியவர்கள். 1704ஆம் ஆண்டு நிலவரிப் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயருக்கு நேரே 300 ஏக்கர் என்றிருக்கிறது. ஆனால், அங்குள்ள நீதிமன்றம் 1828இலும் 1864இலும் தீக்கிரையாகி, உயில் புத்தகங்களும் கிரயப் பதிவுகளும் பெரும்பாலும் அழிந்துபோயின. ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா நூலகத்தில் பிரிட்டிஷ் காலனி அரசின் நிலப் பட்டாக்கள் தப்பியிருக்கின்றன. அவற்றில் எல்லை சொல்லும்போது ஓடையும் கருவாலி மரமும் மட்டுமல்லாமல் பக்கத்து நிலக்காரர் பெயரும் வருவதால் (இப்போதைக்கு அந்த மரங்களே எனக்குத் துணை), அண்டைக் கவுண்டியான எசெக்ஸின் உயில்களில் அதே பெயர்களைத் தேடலாமென நினைக்கிறேன். இவ்வாறு தந்தை–மகன் உறவை நிறுவியவர்கள் இருந்தால், உயிலின் சாட்சிக் கையெழுத்துகளை எந்த அளவுக்கு உறவுச் சான்றாகக் கொள்ளலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.