எஸ்.எல்.ஆர். காமிராவுக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

முதன்முதலாகக் காமிரா வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெட்டவெளியிலும் அந்தி, விளக்கொளி போன்ற குறையொளியிலும் படமெடுக்க விரும்புவோர் எதைப் பார்த்து வாங்குவது என்பதே அதன் பொருள். வில்லை (லென்ஸ்), துளை (அப்பர்ச்சர்), உணரி (சென்சார்) எனச் சொற்கள் அமைந்துவிட்டன, எஸ்.எல்.ஆர். (சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்) மட்டும் நிற்கிறது. பழைய வரைவில் ‘ஒற்றை வில்லை அனிச்சைக் காமிரா’ என்றிருக்கிறது. அனிச்சை உடலியற் சொல். இங்கே பேசப்படுவதோ ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவது. சரியான சொல்லைத் தந்து உதவுங்கள்.

– திருச்சியிலிருந்து

*

ஐயா,

அனிச்சையை நீக்கியது நன்று. மோந்தால் குழையும் அனிச்ச மலரை நினைத்து யாரும் அதற்குப் பரிந்து பேச வேண்டா. அது இச்சையின் எதிர்மறை, அவ்வளவே.

இக்கருவியின் உயிர் அதன் ஆடி, அதாவது கண்ணாடி. வில்லைவழி வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடி மேலே திருப்ப, அங்குள்ள பட்டகம் (பிரிசம்) அதைக் கண்ணுக்குச் சேர்க்கிறது; பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடங்கிக்கொள்ள, ஒளி உணரியில் விழுகிறது. நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் ஆடிப்பாவை குறுந்தொகை 8ஆம் பாட்டிலேயே இருப்பதால், சொல் புதிதன்று. அதனோடு ‘மறி’யைச் சேர்க்கலாம். மறித்தல் தடுத்தலையும் திருப்புதலையும், மறிதல் மடங்குதலையும் குறிக்கும். உணரிக்குப் போகும் ஒளியைத் தடுத்து, கண்ணுக்குத் திருப்பி, உரிய கணத்தில் தானே மடங்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது? ‘மறியாடிக் காமிரா’ என்பது என் முன்மொழிவு.

‘ஒற்றை’ வேண்டா. 1929இல் வந்த ரோலைஃப்ளெக்ஸ் போன்றவற்றில் பார்ப்பதற்கு ஒன்றும் படமெடுப்பதற்கு ஒன்றுமாக மேலும் கீழும் இரு வில்லைகள் இருந்தன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே அந்த அடைமொழி. இன்று வில்லையைக் கழற்றி மாற்ற முடிவதே இக்கருவியின் பெரும்பயன் என்றிருக்க, ‘ஒற்றை வில்லை’ என்று படிக்கும் புதியவர் ஒரே வில்லைதான் பொருந்தும் என எண்ணிவிடுவார்.

– மதுரையிலிருந்து

*

வணக்கம்.

எங்கள் பாடநூல்களில் எதிரொளிப்பைத் தெறிப்பு என்றும் சமதளக் கண்ணாடியைத் தளவாடி என்றும் எழுதுகிறோம். ஆகவே ஆடியில் எனக்குத் தடையில்லை. மறி என்றால் எங்கள் ஊரில் பெண் ஆடு. மறியாடியை என் மாணவர்கள் மறியாடு என்றே வாசிப்பார்கள். ‘தெறிப்பாடி’ என்று வைத்தால் என்ன?

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

தெறிப்பு என்றால் தமிழகத்து வாசகருக்கு நீர்த்துளி தெறிப்பதே தோன்றும். மேலும், கையேட்டைப் படித்தவர் கடையில் போய் எஸ்.எல்.ஆர். என்றுதான் கேட்பார்; அந்தச் சொல்லை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். ஆயினும் ஆடி தேவை. 2018இல் நிக்கானும் கேனானும் முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) உணரியோடு ஆடியில்லாக் காமிராக்களைக் கொண்டுவந்துவிட்டதால், இன்று வாங்குபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வியே ஆடி உள்ளதா, இல்லாததா என்பதுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வரைவிலுள்ள ‘வேகமான வில்லை’. படிப்பவர் அதைக் குவியம் (ஃபோகஸ்) விரைவாக அமையும் வில்லை என்று கொள்வார். காமிராவோடு வரும் 18–55 மி.மீ. வில்லை முழு நீட்சியில் எஃப் 5.6 வரையே திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. வில்லை ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை விடும். குறையொளியில் படமெடுப்பவருக்குத் தெரிய வேண்டியது இதுவே. ‘ஒளிமிகு வில்லை’ என மாற்றுங்கள்.

– சென்னையிலிருந்து

*

அனைவருக்கும் நன்றி. மேலும் காத்திருக்க நாளில்லை. ‘ஒளிமிகு வில்லை’யை யாரும் மறுக்கவில்லை. மற்றதற்குப் பெரும்பாலோர் ஒப்பியபடி ‘ஆடிக் காமிரா’, ‘ஆடியிலிக் காமிரா’ என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் எஸ்.எல்.ஆர். என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

– திருச்சியிலிருந்து

*

ஐயா, நான் ஒப்பவில்லை. ‘ஆடிக் காமிரா’ என்று விளம்பரத்தில் கண்டால் நம் மக்கள் ஆடித் தள்ளுபடிக்கு வந்த காமிரா என்றே படிப்பார்கள். ‘மறி’ இருந்தால் அந்த மயக்கம் வாராது. கையேடு அச்சேறட்டும். அடுத்த பதிப்பின்போது மறியாடியை மீண்டும் முன்வைப்பேன்.

– மதுரையிலிருந்து