வாரண்டி முடிய இரண்டு மாதம்: மின்சாரக் காரில் எவற்றைச் சோதித்துக்கொள்வது?

பொருநைக்கரையான், வண்ணார்பேட்டை:
2023 ஆவணியில் வாங்கிய என் மின்சாரக் காருக்கு வரும் ஆவணியோடு மூன்றாண்டு வாரண்டி முடிகிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மட்டும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உண்டு. முன்பெல்லாம் ஒரே சார்ஜில் நெல்லையிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பினாலும் மீதம் இருக்கும். சென்ற வாரம் திரும்பும் வழியில் நாங்குநேரியைத் தாண்டும் முன்பே 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. வேகத்தடைகளில் முன்பக்கம் 'கடக்' என்றொரு சத்தமும் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பாதிச் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டி இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் எவற்றையெல்லாம் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

மேலப்பாளையம் மின்பணியாளர்:
அண்ணாச்சிக்கு வணக்கம். ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவில் பயணத்தை வைத்துப் பேட்டரியை எடைபோடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதைப் போலவே, எதிரே போகும் வண்டியின் பேட்டரியையும் தின்றுவிடும். திரும்பும்போது பின்காற்று கிடைத்தாலும் இழந்தது முழுவதும் ஈடாகாது.

சரியான கணக்கை வீட்டிலேயே எடுக்கலாம். வாடகை வீடுகளில் வைப்பார்களே, அதுபோன்ற சப் மீட்டர் ஒன்றைச் சார்ஜர் லைனில் மாட்டச் சொல்லுங்கள். சார்ஜ் 15 சதவீதம் வரை இறங்கியதும், ஏசியை அணைத்து, 100 வரை ஒரே மூச்சில் ஏற்றி, எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் 10 முதல் 15 சதவீதம் சார்ஜரிலேயே வெப்பமாகவும் பிறவாறும் வீணாகும்; அதைக் கழித்து 0.85 ஆல் வகுத்தால் பேட்டரி இன்று கொள்ளும் அளவு தோராயமாகக் கிடைக்கும். கொள்ளளவு குறைந்ததற்கான பேட்டரி வாரண்டி பொதுவாக அது புதிதில் இருந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் செல்லும் என்பதால், உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸில், சார்ஜ் குறைவாக இருக்கும் நிலையில், செல்களுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைக் கணினியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நலிந்த செல் இருந்தால் நிறைந்த பேட்டரியில் ஒளிந்துகொள்ளும். வற்றிய பேட்டரியில் தலைகாட்டிவிடும்.

உவரிக்காரன்:
எட்டாண்டுக்கு உரிய பேட்டரியைப் பற்றி இப்போதே பதற வேண்டாம். மூன்றாண்டோடு முடிகிறவற்றை முதலில் பாருங்கள். ஏசி கம்ப்ரசர், வீல் பேரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பகுதியில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவை அந்தக் கணக்கில் வரக்கூடியவை. உங்கள் 'கடக்' சத்தம் அநேகமாகக் கடைசி இரண்டில் ஒன்றுதான். இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டியில் இப்படிப்பட்ட சத்தம் நன்றாகக் கேட்பது ஒரு வகையில் வசதியே. பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்; மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அதற்கு வேலை குறைவு, துரு தேயாமல் தங்கிவிடும். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் பிரேக் டிஸ்க் துருவேறி, அதைப் பிடிக்கும் காலிப்பர் இறுகிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளத்தை மறைக்காதீர்கள். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐபி 67 என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே. அன்று நம் ஊர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது அரை மணி நேரமா? மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷனின் அளவையும், அடிப்பகுதிக் கனெக்டர்களில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீரால் வந்த பழுதை வாரண்டியில் ஏற்க மறுக்கக்கூடும் என்றாலும், தெரிந்துகொள்வது உயிருக்கு நல்லது. உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிற வயர்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசி:
எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்வதை எழுத்தில் ஏற்றுங்கள். என் வண்டியில் முன்சக்கரம் முனகியபோது, "இது எல்லா வண்டியிலும் வருவதுதான் சார்" என்று இருமுறை வாய்வார்த்தையாகவே அனுப்பிவிட்டார்கள். வாரண்டி முடிந்த மறுமாதம் பேரிங் போனது என்றார்கள். முன்பே புகார் செய்ததற்குச் சான்று கேட்டபோது என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒவ்வொரு குறையும், சர்வீஸில் வண்டியை எடுக்கும்போது எழுதும் ஜாப் கார்டில் தேதியோடு, ஓடிய கிலோமீட்டரோடு பதிவாக வேண்டும். "சோதித்தோம், குறை இல்லை" என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

பொருநைக்கரையான், வண்ணார்பேட்டை:
அனைவருக்கும் நன்றி. சப் மீட்டரில் 26 யூனிட் ஓடியது. 12 சதவீதம் கழித்து வகுத்தால் ஏறத்தாழ 26.9 வருகிறது, புதிதில் 30.2 யூனிட் என்பதால், 89 சதவீதம். நான் பேட்டரி மேல் சுமத்திய பழி காற்றுக்குரியது போலும். சத்தம், இன்சுலேஷன், பிரேக், ஏசி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வண்டியை விடப் போகிறேன். ஜாப் கார்டின் நகல் கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுப்பதாக எண்ணம்.