கம்பாக்ட் கேமராவில் எட்டுக்கால்பூச்சி: ஃபோகஸ் விழவில்லை, ஃபிளாஷ் நிழல் விழுகிறது

கேள்வி (செங்கோட்டை):
16 மெகாபிக்சல், 5 எக்ஸ் ஜூம் உள்ள சாதாரண கம்பாக்ட் கேமரா. கொல்லையில் முருங்கைக்கும் வேலிக்கும் நடுவே கையெழுத்துச் சிலந்தி வலை போட்டிருக்கிறது. சுவரில் தாவும் சிலந்திகள் உண்டு. பூ அடையாளத்தை (மேக்ரோ, அதாவது மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறை) போட்டு, சிலந்தி மிரளாமல் இருக்கத் தள்ளி நின்று முழு ஜூமில் எடுத்தால் ஃபோகஸ் பின்னால் இருக்கும் இலைக்குப் போய்விடுகிறது. கிட்டப் போய் ஃபிளாஷ் போட்டால் படத்தின் கீழ் மூலை கறுத்துவிடுகிறது, சிலந்தியின் முதுகு வெளுத்துவிடுகிறது. இந்த ஆனி மாதக் காற்றில் வலையும் சும்மா இருப்பதில்லை. வேறு கேமரா வாங்கும் எண்ணம் இல்லை.

பதில் (தென்மலை):
முதல் கோளாறு ஜூம்தான் அண்ணாச்சி. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் ஜூமே இல்லாத அகலக் கோணத்தில்தான் மேக்ரோ 2, 3 செ.மீ. வரை கிட்டப் பிடிக்கும். ஜூம் கூடக் கூட அந்தக் குறைந்தபட்ச தூரமும் கூடி, கடைசியில் அரை மீட்டர் பக்கம் போய்விடும். அதற்குள் சிலந்தி இருந்தால் கேமரா அதை விட்டுவிட்டு, தன்னால் பிடிக்க முடிகிற இலையைப் பிடிக்கும்.

முதலில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஜூமின் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கிட்டப் பிடிக்கிறது, படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று பாருங்கள். 16 மெகாபிக்சல் படத்தின் அகலம் 4608 பிக்சல். அதில் 30 மி.மீ. அடங்கினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 150 பிக்சல் கிடைக்கும், 6 மி.மீ. தாவும் சிலந்தி 900 பிக்சல் நீளம் வரும். வெட்டி எடுத்தாலும் கண்கள் தெளிவாகத் தெரிய இது போதும்.

ஃபோகஸ் கட்டத்தை நடுவிலுள்ள சின்னக் கட்டமாக மாற்றுங்கள். வலை மெல்லிசு என்பதால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. வலையைத் தொடாமல், அதன் பக்கத்தில் அதே தூரத்தில் ஒரு ஈர்க்குச்சியைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்திப் பூட்டுங்கள். விரலை எடுக்காமல் சிலந்திக்கு நேரே வந்து, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் இடத்தில் முழுதாக அழுத்துங்கள். தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். கையெழுத்துச் சிலந்தியை முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் கேமராவின் பின்பக்கம் வலைக்கு இணையாக இருக்கட்டும், இல்லையென்றால் பாதிக் கால்கள் மங்கிவிடும்.

பதில் (புளியரை):
நிழலுக்குக் காரணம், ஃபிளாஷின் வெளிச்சத்தை லென்ஸ் குழாயே மறைப்பது. டிவி பெட்டிக்குள் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டில் 12 × 15 செ.மீ. துண்டு வெட்டி, நடுவில் லென்ஸ் குழாயைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போடுங்கள். குழாயில் உரசாமல் அதன் முன்முனைக்கு நேரே நிற்கும்படி கேமராவின் உடம்பில் டேப் போட்டு நிறுத்துங்கள். ஃபிளாஷ் பின்னாலிருந்து ஷீட்டில் பட, ஷீட் முழுக்கவே விளக்காகிவிடும். கீழிருந்து ஒரு வெள்ளை அட்டை பிடித்தால் வயிற்றுப் பக்கமும் தெரியும். ஃபிளாஷை ‘கட்டாயம்’ என்று வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோவை நிறுத்தி 100இல் வையுங்கள். முதுகு இன்னமும் வெளுத்தால் மெனுவில் ஃபிளாஷ் அளவை மைனஸ் 0.7க்கு இறக்குங்கள்.

காற்றுக்கும் இதே ஃபிளாஷ்தான் மருந்து. கிட்டத்தில் குறைந்த சக்தியில் எரியும்போது மின்னல் நேரம் மிகக் குறைவு, வலை ஆடுவது படத்தில் நின்றுபோகும். ஆனால் சிலந்தி ஃபோகஸ் தூரத்தை விட்டு விலகிப்போவதை ஃபிளாஷ் தடுக்காது; அதற்கு அடுக்கடுக்காக எடுத்து நல்லதைப் பொறுக்க வேண்டியதுதான். கணவாய்க் காற்று ஓயாத நாளில் வலையை விட்டுவிட்டு, சுவரின் மறைவுப் பக்கம் தாவும் சிலந்திகளைப் பாருங்கள்.

பதில் (கடையநல்லூர்):
ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் ஆடாமல் இருக்குமே?

பதில் (தென்மலை):
வேண்டவே வேண்டாம் தம்பி. அது சிலந்திக்குச் செய்யும் கொடுமை. படத்திலும் கால்கள் மடங்கிச் செத்தது போலத்தான் விழும். தாவும் சிலந்தி தானாகவே திரும்பி உங்களைப் பார்க்கும். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், மூச்சுக் காற்று படாமல் போனால் போதும்.

கேள்வி (செங்கோட்டை):
ஸ்கேலில் பார்த்துவிட்டேன். அகலக் கோணத்தில் 2 செ.மீ.யில் பிடிக்கிறது. ஆனால் அவ்வளவு கிட்டப் போனால் கையெழுத்துச் சிலந்தி வலையையே குலுக்குகிறது. பிளஸ் 10 க்ளோஸ்-அப் லென்ஸை (கேமரா லென்ஸுக்கு முன்னால் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) முன்னால் ஒட்டலாமா?

பதில் (புளியரை):
லென்ஸ் குழாயில் ஒட்டாதீர்கள். உள்ளே போய் வரும் மோட்டார் அந்தப் பாரத்தைத் தாங்காது, ‘லென்ஸ் எரர்’ வரும். குழாயைவிட 3, 4 மி.மீ. அகலமான பிவிசி பைப் துண்டை, முழு ஜூமில் குழாய் நீளும் அளவுக்கு மேல் 2 மி.மீ. கூட வைத்து அறுத்து, உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டி, கேமராவின் முகப்பில் இரட்டைப் பக்க டேப்பால் பொருத்துங்கள். க்ளோஸ்-அப் லென்ஸ் பைப்பின் முனையில் உட்காரட்டும், ஃபோம் ஷீட்டையும் அந்த முனைக்கே நகர்த்துங்கள். இனி மேக்ரோவை அணைத்து, முழு ஜூமில் எடுங்கள். பிளஸ் 10 என்றால் லென்ஸிலிருந்து சுமார் 10 செ.மீ. இடைவெளி கிடைக்கும். ஜூமைக் குறைத்தால் மூலைகளில் பைப் தெரியும், அது கோளாறு அல்ல. மலிவான ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் ஊதா விளிம்பு வரும். அது பிடிக்காவிட்டால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸைப் பாருங்கள். அது பிளஸ் 8, இடைவெளி 12 செ.மீ.யை ஒட்டி இருக்கும்.

மாமரத்தில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும், கடிக்கும் செவ்வெறும்பு) இருந்தால் அந்த 10 செ.மீ. ரொம்ப உதவும். முசுறு வேடமிட்ட தாவும் சிலந்தி ஒன்று அங்கேயே திரியும்: உணர்கொம்பு இல்லாமல் முன்னங்காலைத் தூக்கி ஆட்டும், தட்டினால் நூலில் தொங்கும். ஆணுக்குத் தாடை நீண்டு, எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போவதுபோல இருக்கும். பக்கவாட்டில் எடுங்கள், தாடை முழுதும் ஃபோகஸுக்குள் வரும்.