8 லிட்டர் தண்ணீர் குடித்தும் சத்திரக்குடியில் படுத்துவிட்டேன். நீண்ட தூர சைக்கிளுக்கு என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது?

தெப்பக்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். வயது 29, எடை 58 கிலோ. ஒரு வருடமாக ஹைபிரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். அழகர்கோவில், மேலூர் என்று 40, 50 கி.மீ. வரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. இந்த வருடம் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆசை. ஒத்திகையாகப் போன ஞாயிறு ராமேஸ்வரம் கிளம்பினேன்.

காலை 5.30க்கு மதுரை தெப்பக்குளத்தில் வண்டியை எடுத்தேன். சித்திரை வெயில் ஆளைச் சாய்த்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்தியதால், தாகம் எடுக்கிறதோ இல்லையோ, கால் மணிக்கு ஒரு தரம் தண்ணீர் குடித்துக்கொண்டே போனேன். திருப்புவனத்தில் டீ. மானாமதுரை தாண்டி ஒரு பஞ்சர். பரமக்குடி சேரும்போது மணி 10.30. பசி தாங்கவில்லை, இரண்டு பரோட்டா, சால்னா. அங்கிருந்து சரியாக அரை மணி நேரம்தான். தலைவலி, குமட்டல், தொடையில் பிடிப்பு. சத்திரக்குடியில் ஒரு புளியமரத்தடியில் பரோட்டா முழுக்க வெளியே வந்துவிட்டது. கடைசியில் ஒரு குட்டியானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். கூட வந்த நண்பன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கணக்குப் பார்த்தால் 8 லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறேன். அப்புறமும் ஏன் இப்படி? எனர்ஜி ஜெல், உப்பு மாத்திரை எல்லாம் வாங்கு என்கிறார்கள். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஜெல் வாங்குகிற காசில் வீட்டுக்கே பிரியாணி வாங்கிவிடலாம். வேறு வழி இருக்கிறதா?

கோச்சடை எக்ஸ்பிரஸ்

ராம்நாடு ரோட்டு வெயிலுக்கு 8 லிட்டர் பத்தாது நண்பா. 10, 12 ஆக்கு. நடுவில் இரண்டு இளநீர் போடு. எல்லாம் சரியாகிவிடும்.

மேலூர் சிஸ்டர்

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நான் செவிலியராக இருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: அன்றைக்குக் கை விரல், முகம் ஏதாவது வீங்கியதா? மோதிரம், வாட்ச் பட்டை இறுகினதா?

தெப்பக்குளத்தான்

அக்கா, எப்படிச் சொன்னீர்கள்? வீட்டுக்கு வந்து மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுத்தான் எடுத்தேன். வெயிலால் என்று நினைத்தேன்.

மேலூர் சிஸ்டர்

வெயிலாலும் விரல் வீங்கும். அதனால் இதுதான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர்க் குறைவை இல்லை, தண்ணீர் மிஞ்சியதை. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. நீ ஊற்றியதோ வெறும் தண்ணீர். இரத்தத்தில் இருக்கிற சோடியம் நீர்த்துப் போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அதற்கு ஹைப்போநட்ரீமியா என்று பெயர். தலைவலி, குமட்டல், வாந்தி, வீக்கம், அப்புறம் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். மாரத்தான் ஓடுபவர்கள் இதில் இறந்தும் இருக்கிறார்கள். கூட வருபவர் உளற ஆரம்பித்தால் "இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடி" என்று வாயில் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைக்குத் தூக்கு.

நீர் வற்றினாலும் இதே தலைவலி, இதே குமட்டல்தான் வரும். எது என்று பிரித்துச் சொல்ல எளிய வழி எடை. ஓட்டி முடித்து இறங்கும்போது ஏறினதைவிட எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறாய்.

பழைய ராலி

சிஸ்டர் சொன்னதுதான் சரி. நான் செல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 54. மருத்துவம் தெரியாது, ஆனால் அளக்கத் தெரியும். அளக்காமல் ஒரு வேலையும் ஓடாது எங்களுக்கு.

நானும் படுத்தவன்தான் தம்பி. நீ தண்ணீரில் படுத்தாய், நான் பசியில். திண்டுக்கல் வரை மிதித்துப் போய்ச் சிறுமலை ஏறினேன். 18 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான் வயிற்றில். பன்னிரண்டாவது வளைவில் கண் இருட்டியது. கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஆனால் பெடலை மிதிக்க மனசே வரவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து அழாத குறை. பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா பார்த்துவிட்டு நான்கு மலைவாழைப்பழத்தைக் கையில் திணித்தார். கால் மணி நேரத்தில் உலகம் திரும்ப வெளிச்சமானது. உடம்பு தசையில் சேர்த்து வைக்கிற சர்க்கரை ஏறத்தாழ 400, 500 கிராம்தான், ஈரலில் ஒரு 100 கிராம். வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். அன்றிலிருந்து சட்டைப் பையில் மலைப்பழம் இல்லாமல் கிளம்புவதில்லை. தோல் தடிமன், பையில் நசுங்காது. மற்ற பழத்தை வைத்தால் மதியத்துக்குள் சட்டையெல்லாம் பஞ்சாமிர்தம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். எவ்வளவு குடிப்பது என்று ஊரைக் கேட்காதே, உன் உடம்பைக் கேள். மச்சான் பலசரக்குக் கடையில் இருந்து எலக்ட்ரானிக் தராசை ஒரு வாரம் தூக்கி வந்து வீட்டு நடையில் வைத்தேன். ஒன்றுக்குப் போய்விட்டு, துண்டோடு ஏறி நின்றேன்: 68.4 கிலோ. சரியாக 500 மி.லி. தண்ணீரோடு ஒரு மணி நேரம் அழகர்கோவில் ரோட்டில் ஓட்டினேன். ஏப்ரல் மாதம், காலை 9லிருந்து 10. வந்து வியர்வையை நன்றாகத் துடைத்து அதே துண்டோடு ஏறினால் 67.7. குறைந்தது 700 கிராம், குடித்தது 500. ஆக, மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. அதே ரோட்டில் மார்கழி விடியற்காலை அளந்தால் 700 மி.லி.கூட இல்லை. பார், ஒரே ஆள், ஒரே ரோடு, ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். "மணிக்கு ஒரு லிட்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் எங்கே போய் நிற்கும்? நீ 5.30க்குக் கிளம்பி, வெயிலே ஏறாத நேரத்தில் கால் மணிக்கு ஒரு தரம் ஊற்றியிருக்கிறாய்.

போனதை முழுக்கத் திருப்பி ஊற்ற வேண்டியதும் இல்லை. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எனக்கு அது 1.3 கிலோ, உனக்கு 1.1 கிலோ வரும். கடும் வெயிலில் நான் மணிக்கு 750 மி.லி. குடிக்கிறேன். அதற்கு மேல் என் வயிறு குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்புகிறது. காலைக் குளிர்ச்சியில் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

உப்புக்கு வா. கறுப்பு பனியன் போட்டு ஓட்டிக் காய வைத்துப் பார். வெள்ளைக் கோடு கோடாகப் படிந்தால் நீ உப்பு நிறைய விடுகிற ஆள். எனக்குத் தொப்பி வாரில் உப்பளமே இருக்கும். என் கணக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், தலையில் ஊற்றவும் அதுதான். இன்னொன்றில் பானகம். 40 கிராம் வெல்லத்தூள், அரை எலுமிச்சம்பழம், கால் டீஸ்பூன் உப்பு தலை தட்டி, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. உப்பு சுமார் ஒன்றரை கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குப் பந்தல் போட்டு ஊற்றுகிறார்களே, அதே சாமான்தான், உப்பு மட்டும் நான் சேர்த்தது. முதல் வாய் ஒரு மாதிரிதான் இருக்கும். வியர்த்த பிறகு குடித்துப் பார், அமிர்தம்.

சாப்பாடு. மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பாட்டில் பானகத்தில் 36 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. கூட ஒரு மலைப்பழம் அல்லது ஒரு கடலைமிட்டாய், கணக்குச் சரி. பசித்த பிறகு சாப்பிடாதே, முதல் மணி நேரத்திலேயே ஆரம்பி. கடலைமிட்டாயில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும், மேட்டுக்கு முன்னால் வேண்டாம். பரோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? மைதா, எண்ணெய், மேலே சால்னா. மிதிக்கும்போது இரத்தம் எல்லாம் காலுக்கு ஓடுகிறது, வயிற்றைக் கவனிக்க ஆள் இல்லை. பாதியில் நான்கு இட்லி, கொஞ்சம் சாம்பார். கறி, பரோட்டா எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, எனக்கும் சேர்த்து.

கால் பிடிப்புக்கு உப்பை மட்டும் குற்றம் சொல்லாதே. 50 கி.மீ. பழகிய கால் திடீரென்று 95 கி.மீ. போனாலே பிடிக்கும். அடுத்த மாதம் 70, 90, 120 என்று ஏற்று.

கோச்சடை எக்ஸ்பிரஸ்

அண்ணே, 12 லிட்டர் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இளநீரை விட்டுத்தர மாட்டேன். அதைவிட இயற்கையான எலக்ட்ரோலைட் எது?

பழைய ராலி

குடி, யார் வேண்டாம் என்றது? நானும் மானாமதுரையில் நிறுத்திக் குடிப்பேன். ஆனால் இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நிறைய போவது சோடியம். கடன் வாங்கினது ஒருத்தரிடம், திருப்பிக் கொடுப்பது இன்னொருத்தரிடம் என்று ஆகிவிடும். இளநீரோடு உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் அடி, கணக்கு நேராகும். விடியற்காலைக்குப் பருத்திப்பால் இருக்கிறது. வெல்லமும் சுக்குமாகச் சூடாக ஒரு டம்ளர், பெரிய ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஜிகர்தண்டாவை மட்டும் கேட்காதே, அது சாயங்காலத்துச் சமாச்சாரம்.

மேலூர் சிஸ்டர்

அண்ணன் சொன்ன வெல்லம், உப்பு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். குடலில் ஒரு வாசல் உண்டு. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே உள்ளே போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இப்படித்தான். 1971ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா வந்து, நரம்பில் ஏற்றுகிற திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் இது ஒன்றுதான் மறக்கவே இல்லை.

இப்போதைய உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். கவனி, சர்க்கரை 13.5 கிராம்தான். அது நீருக்கும் உப்புக்கும் சரி, மிதிப்பதற்குத் தீனி ஆகாது. பையில் இரண்டு பொட்டலம் அவசரத்துக்கு வைத்துக்கொள். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதே. இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் இந்த உப்புக் கணக்கை மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

தெப்பக்குளத்தான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பக்கத்து வீட்டு ஜிம் பையனிடம் தராசு வாங்கி அளந்தேன். காலை 6லிருந்து 7 வரை மணிக்கு 550 மி.லி.தான் போகிறது! 9 மணிக்கு மேல் 900. அன்றைக்கு விடியற்காலையிலேயே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்கிறேன். அக்கா, உங்கள் மோதிரக் கேள்விக்குக் கும்பிடு.

நேற்று பார்த்திபனூர் வரை போய்த் திரும்பினேன், சுமார் 125 கி.மீ. பானகம் ஐந்து பாட்டில், வெறும் தண்ணீர் ஒன்றரை பாட்டில், பழம் ஆறு, திருப்புவனத்தில் நான்கு இட்லி. இறங்கும்போது எடை 57.3. தலைவலி இல்லை. கடைசி 10 கி.மீ.யில் மட்டும் இடது கெண்டைக்கால் லேசாக இழுத்தது. ஒரே குறை, காலையில் கலந்து பைக்குள் வைத்திருந்த பாட்டிலை 11 மணிக்குத் திறந்தால் கள் வாடை.

பழைய ராலி

புளித்துவிட்டது, வேறொன்றும் இல்லை. வெயிலில் வெல்லத் தண்ணீர் அத்தனை மணி நேரம் தாங்காது. வெல்லத்தையும் உப்பையும் சுக்கையும் பாட்டில் பாட்டிலாகப் பொட்டலம் கட்டி எடுத்துப்போ, டீக்கடையில் நல்ல தண்ணீர் வாங்கி அப்போதைக்கப்போது கலக்கு. எலுமிச்சம்பழத்தை முழுசாகக் கொண்டுபோ, ஒரு சின்னக் கத்தி போதும். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன்னால் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வை, மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றி. நான் ஒரு தரம் மறந்துவிட்டுத் திங்கட்கிழமை பட்டறையில் பையைத் திறந்தேன். எறும்பு வரிசை லேத் மெஷின் வரை போயிருந்தது.