முன்னாள் அரசு ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி: எப்படிக் கேட்பது?

கேட்டவர்: கரும்பலகை

வரும் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு கூட்டத்துக்குப் போகிறேன். அரசுக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தான் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார். காலை உணவோடு சேர்ந்த பேச்சு, மொத்தம் 60 பேர்தான். 40 நிமிடம் அவர் பேசுவார், 20 நிமிடம் கேள்விகள், அப்புறம் வரிசையில் நின்று புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

நான் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன், 14 வருடமாக. புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். இரண்டாம் முறை கையில் பென்சில் இருந்தது, அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நல்லபடியாக முடிந்த திட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘பரிந்துரைத்தோம்’, ‘வலியுறுத்தினேன்’ என்று எழுதுகிறார். சரியாகப் போகாத ஒரு திட்டத்துக்கு ஏழாவது அத்தியாயம் முழுவதையும் கொடுத்திருக்கிறார். அங்கே மட்டும் ‘முடிவெடுக்கப்பட்டது’, ‘அறிவிக்கப்பட்டது’, ‘தவிர்க்க முடியாததாகக் கருதப்பட்டது’. 18 பக்கமும் செயப்பாட்டு வினை. முடிவெடுத்தது யார், அந்த நேரத்தில் இவர் என்ன சொன்னார், எதுவும் இல்லை.

அந்தத் திட்டம் வந்த வருடம் என் வகுப்பில் இரண்டு பேர் படிப்பை நிறுத்தினார்கள். இருவர் வீட்டிலும் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. ஒரு பெண் அடுத்த வருடம் திரும்பி வந்துவிட்டாள். பையன் வரவேயில்லை.

அவரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் குற்றம் சாட்ட எனக்கு மனமில்லை. மற்ற அத்தியாயங்களிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன், வகுப்பிலும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஏழாவது அத்தியாயத்தைப் பற்றிக் கேட்காமல் திரும்பினால் தூங்க மாட்டேன். எப்படிக் கேட்பது? எல்லோர் முன்னாலுமா, கையெழுத்து வாங்கும்போது தனியாகவா?

நேர்வழி:

எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கியவர், பொதுவில் பதில் சொல்லட்டும். அந்தப் பையனைப் பற்றியும் சொல்லுங்கள். “ஏன் தடுக்கவில்லை?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். வேறொன்றும் வேண்டாம்.

பழைய கோப்பு:

ஆலோசகர் அலுவலகம் ஒன்றில் 19 வருடம் வேலை பார்த்தவன் நான். குறிப்புகளில் உள்ள எண்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் பொறுப்பு. ஐந்து ஆலோசகர்கள் வந்து போனதைப் பார்த்தேன். நேர்வழி சொல்வது போல எல்லோர் முன்னாலும் கேட்பது சரி. “ஏன் தடுக்கவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தடுக்கும் அதிகாரம் ஆலோசகருக்குக் கிடையாது, முடிவு அமைச்சரவையுடையது” என்று பதில் வரும். அது உண்மையும்கூட. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

‘முடிவெடுக்கப்பட்டது’ என்பது கோப்பின் மொழி. கோப்பில் யாரும் ‘நான்’ என்று எழுத மாட்டார்கள். ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘ஏற்கப்பட்டது’ என்றுதான் போகும். வருடக்கணக்கில் எழுதினால் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் ஆசிரியர் மற்ற அத்தியாயங்களில் அதை உதறிவிட்டு ‘நான்’ என்று எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஆலோசனை எந்த வழியில் போனது என்பது முக்கியம். எழுத்தில் போயிருக்கலாம். வாய்ப்பேச்சாகப் போயிருக்கலாம், அதற்குத் தடயம் இருக்காது. சில சமயம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். திடீர் அறிவிப்புகளில் ஆலோசகரும் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார், இதை நான் இரண்டு முறை நேரில் கண்டிருக்கிறேன். எழுத்தில் போனாலும் ஆட்சேபம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் பாதி விஷயம். மேலே இருப்பவருக்கு ஒரு நாளில் நூறு தாள் வரும். முதல் பக்கம் படிக்கப்படும். இரண்டாம் பக்கம் அதிர்ஷ்டம்.

பதவியில் இருந்தபடியே பேசியவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1946-ல் சட்டம் போட்டு அதிபருக்கு ஒரு பொருளாதார ஆலோசகர் குழு அமைத்தார்கள். ரீகன் காலத்தில் அதன் தலைவர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன். அரசின் பட்ஜெட் பற்றாக்குறை ஆபத்தான அளவுக்குப் போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய குழு தயாரித்த 1984 அறிக்கையைத் தூக்கி எறியலாம் என்று நிதியமைச்சரே செனட் குழுவின் முன் சொன்னார். அந்த வருடமே ஃபெல்ட்ஸ்டைன் ஹார்வர்டுக்குத் திரும்பிவிட்டார். இந்தியாவில் கௌஷிக் பாசு 2011-ல் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்காக வேறு வழியின்றி லஞ்சம் கொடுப்பவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று ஒரு கட்டுரை எழுதி நிதியமைச்சகத்தின் இணையதளத்திலேயே போட்டார். பெரிய சர்ச்சையானது. அதே பதவியில் இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் வேறு மாதிரி. 2016 பணமதிப்பிழப்பைப் பற்றிய கடுமையான விமர்சனம், அவர் 2018-ல் விலகிய பிறகு வந்த புத்தகத்தில்தான் இருந்தது. பதவியில் இருக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. வெளியே பேசினால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது. அழைப்பு வராத ஆலோசகரால் யாருக்கும் பயனில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்ட நல்லவர்களை எனக்குத் தெரியும்.

சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கும். பிரிட்டனில் கிராஸ்மன் என்ற அமைச்சரின் நாட்குறிப்பை அவர் இறந்த பிறகு வெளியிடப் போனபோது, அரசு 1975-ல் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. மறுவருடம் ராட்கிளிஃப் குழு, அமைச்சரவை ரகசியங்களை எழுத 15 வருடம் பொறுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் ஆசிரியருக்கும் ஏதாவது ஒரு கட்டு இருக்கலாம். அதனால் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அவருடைய சொந்தக் குறிப்பைப் பற்றிக் கேளுங்கள். நானாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: “ஏழாவது அத்தியாயத்தில் உங்களைக் காணவில்லை. அந்த முடிவுக்கு முன்னால் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் உங்கள் ஆட்சேபம் குறிப்பில் எந்த இடத்தில் இருந்தது?”

மேடைக்குப் பின்னால்:

இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தித் தருபவள் நான். பழைய கோப்பு சொன்ன கேள்வி நன்றாக இருக்கிறது. 20 நிமிடத்தில் ஐந்தாறு கேள்விக்குத்தான் இடம். பாதிப் பேர் எழுந்து சொந்தக் கருத்தைப் பேசிவிட்டு உட்காருவார்கள். நீங்கள் முன்வரிசை ஓரத்தில் உட்காருங்கள், முதல் கேள்விக்கே கையைத் தூக்குங்கள். கேள்வியை ஒரு தாளில் எழுதி, பார்த்தே படியுங்கள். அதில் தப்பேதும் இல்லை.

கையெழுத்து வரிசையில் ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. பெரிய கேள்வியை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. அவர் சொல்வதை வகுப்பில் சொல்வதாக இருந்தால், கூட்டம் சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். 1927-லிருந்து இருக்கும் வழக்கம் அது. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று சொல்லக் கூடாது.

கரும்பலகை:

போய் வந்தேன். அந்த விதிதான் என்றார்கள், அதனால் அவர் பெயரை இங்கேயும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி என்னுடையது. தாளைப் பார்த்தே படித்தேன். பையனைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு பக்கக் குறிப்பு எழுதியதாகச் சொன்னார். வேலையிழப்பு பற்றிய எச்சரிக்கை இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பத்தியில் இருந்ததாம். மேலே முதல் பக்கம்தான் படிக்கப்படும் என்று தனக்குத் தெரியும் என்றார். மாற்றி வைத்திருக்கலாம், வைக்கவில்லை என்றார். அந்த அத்தியாயத்தில் அதை எழுதி, பிறகு தானே எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

பழைய கோப்பு ஐயாவுக்கு நன்றி. எந்த இடத்தில் இருந்தது என்று கேட்காமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது.

கையெழுத்து வாங்கப் போனபோது என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நானும் போய்ப் பார்க்கவில்லை. பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து இன்று அவன் முகவரியை எடுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.