‘விதை’ என்ற கருப்பொருளில் ஒரு வாரச் செயல்பாடு: மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து எப்படி நடத்துவது?

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்து வருகிறேன். தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் திறனுக்கேற்பப் பிரிக்கப்படும் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (மேல் நிலை) ஆகிய மூன்று நிலைகளிலும் என் வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ‘விதை’ என்ற ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு, சூழ்நிலையியல், கணக்கு, தமிழ் மூன்றையும் இணைத்து ஒரு வாரம் நடத்தலாம் என்று எண்ணியுள்ளேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் பருப்பு வகைகளைச் சார்ட்டில் ஒட்டி மயில் செய்வதோடு முடிந்துவிடுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மயிலைச் செய்து முடித்த பிள்ளைக்கு விதையைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்த விதைகளை எடுப்பது, ஒரே செயல்பாட்டை மூன்று நிலையினருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: அறிவியலில் ஆர்வமுள்ள இடைநிலை ஆசிரியர்

வணக்கம் டீச்சர். பச்சைப்பயறு, மொச்சை, மக்காச்சோளம் ஆகிய மூன்றும் போதும். கொத்தமல்லியை இந்த வாரத்தில் சேர்க்க வேண்டாம். நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருப்பதால் அதை லேசாகத் தேய்த்து உடைத்து விதைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் முளைக்கப் பல நாள் ஆகும், அதற்குள் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும். ஞாயிறு இரவே பயற்றை ஊற வைத்துவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் வெள்ளை முளையைக் கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதையைச் செருகி வையுங்கள். மண்ணுக்குள் நடப்பதெல்லாம் வெளியே தெரியும்.

செருகுவதற்கு முன் ஒரு மொச்சையை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைக்கப் போவதாகச் சொல்லி, வேர் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொருவரையும் சிலேட்டில் வரையச் சொல்லுங்கள். தலைகீழாக வைத்த விதையின் வேர் மேலே போகும் என்று வரைந்த பிள்ளை, அது வளைந்து கீழே இறங்குவதைப் பார்க்கும் அன்று டம்ளரை விட்டு நகராது. இந்த முன்கணிப்பை விட்டுவிட்டால் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

நிலைகளைப் பிரிக்க எளிய வழி காகிதப் பட்டை. மண் நிரப்பிய கொட்டாங்கச்சிகளிலும் சில பயறுகளை விதைத்து வையுங்கள். முளை வெளியே வந்த பிறகு, செடியின் உயரத்துக்குச் சமமாக ஒரு பட்டையை வெட்டி, தினமும் சார்ட்டில் வரிசையாக ஒட்ட வேண்டும். வாரக் கடைசியில் அதுவே பட்டை வரைபடமாக நிற்கும். அரும்பு நிலைப் பிள்ளைக்கு ‘நேற்றைவிட நீளம்’ என்று சொல்லத் தெரிந்தால் போதும்; மொட்டு நிலையினர் விரல்கடையால் அளக்கட்டும்; மலர் நிலையினர் அளவுகோலால் சென்டிமீட்டரில் அளந்து, ஒரு நாளில் எவ்வளவு கூடியது என்று கழித்துப் பார்க்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: நம் பிளாஸ்டிக் அளவுகோல் பலவற்றில் பூச்சியக் கோடு விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் விளிம்பை மண்ணில் ஊன்றி அளப்பார்கள். உடனே திருத்தாமல், ஒரே செடியை இருவர் அளந்து வேறு வேறு விடை வரும்போது அவர்களே காரணம் தேடும்படி விடலாம்.

மறுமொழி 2: தோட்ட வேலை பார்க்கும் ஆசிரியை

மேலே சொல்லியுள்ளதை ஏற்கிறேன். ஆனால் வகுப்பறைக்குள் மட்டும் இருந்துவிட்டால் பாதி விதைகளைப் பார்க்கவே முடியாது. பள்ளி வேலியோரம் ஒரு நடை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் பாவாடை, கால்சட்டை ஓரங்களில் ஒட்டியிருக்கும் நாயுருவியைப் பிடுங்கி எண்ணச் சொன்னால், விதை எப்படி ஊர்விட்டு ஊர் போகிறது என்ற பாடத்துக்கு வேறு முன்னுரை வேண்டியதில்லை. எருக்கம் பஞ்சு பறப்பதையும் முருங்கை விதையின் சிறகையும் அருகருகே காட்டுங்கள். காய்ந்த வெடிக்காயைத் தண்ணீரில் போட்டால் படீரென்று வெடித்து விதை சிதறுவதை, பிள்ளைகளே உங்களுக்குக் காட்டுவார்கள்.

எச்சரிக்கை ஒன்று. குன்றிமணியைப் பார்த்தவுடன் பிள்ளைகள் அள்ளிக்கொள்வார்கள். அதுவும் ஆமணக்கு முத்தும் ஊமத்தை விதையும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. இவற்றை நீங்கள் மட்டும் கையாளுங்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். அதையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தனிக் கதை.

புளியங்கொட்டை கைக்கு வந்துவிட்டால் பல்லாங்குழியை விடலாமா? தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசையாக ஏழேழு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஐந்து கொட்டை வைத்தால் மொத்தம் 70. ஆட்டம் தொடங்கும் முன்பே ஐந்தாம் வாய்ப்பாடு வந்துவிடும். முடிந்ததும் இருவரிடமும் உள்ளதைக் கூட்டினால் மீண்டும் 70 வர வேண்டும், வராவிட்டால் யாரோ கொட்டையைத் தொலைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியபோது, கற்றல் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியும், ஒவ்வொரு படிக்குமான செயல்பாட்டு அட்டைகளும், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று கரும்பலகையும் வந்தன. அட்டையை முடித்துவிட்டால் பாடம் முடிந்தது என்ற எண்ணமும் சில இடங்களில் கூடவே வந்தது. கருப்பொருள் வாரத்துக்கும் அதே ஆபத்து உண்டு. எல்லாப் பாடத்தையும் விதைக்குள் திணிக்க முயலாதீர்கள். கடிகாரத்தில் மணி பார்ப்பது அந்த வாரத்தில் வருமானால் அதைத் தனியாகவே நடத்துங்கள்; சார்ட்டில் வண்ணவிதைக் கடிகாரம் ஒட்டுவதால் மணி பார்க்க வராது.

தமிழுக்கு மட்டும் ஒரு யோசனை. ‘விதையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக’ என்றால் எல்லாருடைய நோட்டிலும் ஒரே ஐந்து வாக்கியம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, தன் டம்ளரில் நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று மட்டும் தினமும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராத பிள்ளை சொல்ல, மலர் நிலைப் பிள்ளை எழுதித் தரலாம். நெல் நாற்று, வாழைக்கன்று, தென்னம்பிள்ளை, பனை வடலி ஆகிய பெயர்களையும், மனப்பாடப் பகுதியாக இல்லாமல், அந்தந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து வரும் செய்தியாகக் கேட்டு வாங்கலாம்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு டம்ளரை அலமாரிக்குள் இருட்டில் வைத்து ஒப்பிடலாம் என்றும் நினைக்கிறேன். ஆனால் இருட்டில் வைத்த செடிதான் உயரமாக வளரும் என்கிறார்கள். அப்படியானால் பிள்ளைகள் ‘இருட்டுதான் நல்லது’ என்று சொல்லிவிட மாட்டார்களா?

மறுமொழி 1 எழுதியவர்:

நிச்சயம் சொல்வார்கள், சொல்லட்டும். காகிதப் பட்டையை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். அப்போது உயரத்தைத் தவிர வேறு எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேளுங்கள். தண்டு வெளிறி மெலிந்திருப்பதையும், இலை சிறுத்து மஞ்சளாக இருப்பதையும், நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்வதையும் ஒவ்வொருவராகச் சொல்ல வரும். விதைக்குள் இருக்கும் உணவு தீரும் வரைதான் அந்த வளர்ச்சி ஓடும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். வியாழக்கிழமை அந்த டம்ளரை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்துவிடுங்கள். இலை பச்சையாக மாறத் தொடங்குவதை வெள்ளிக்கிழமை அவர்களே வந்து சொல்வார்கள். அலமாரிக்குப் பூட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மணிக்கு ஒரு முறை யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள்.