கணக்கீடு படித்தாச்சு, ஆனால் கம்பனியின் ஆண்டறிக்கையை எப்படி வாசிப்பது?

பாண்டிருப்பான்:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, கணக்கீட்டில் நல்ல பெறுபேறு. பரீட்சை மீதியைத் தந்தால் நிதிநிலைமைக் கூற்று வரைக்கும் கொண்டுபோய்ச் சமப்படுத்திவிடுவேன். இப்போது கல்முனையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது, பங்கு வாங்க முதல் கம்பனிகளை நானே படித்து விளங்கவேண்டும் என்று ஆசை. கொழும்பு பங்குச் சந்தையின் தளத்தில் ஒரு ஆண்டறிக்கையை இறக்கினேன். தலைவரின் செய்தி, படங்கள், விருதுகள் என்று போய்க் கணக்கு தொடங்கவே பாதிப் புத்தகம் முடிந்துவிடுகிறது. விகிதம் கணிக்கத் தெரியும்: நடைமுறை விகிதம் 1.8, மொத்த இலாப விகிதம் 24%. சரி, அதை வைத்து என்ன சொல்வது? எங்கே தொடங்கி எந்த ஒழுங்கில் வாசிப்பது?

வாவிக்கரை:

தம்பி, நான் மட்டக்களப்பில் கணக்காய்வு வேலை செய்கிறேன், என் பழக்கத்தைச் சொல்கிறேன். விகிதங்களைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வையுங்கள். முதலில் கணக்காய்வாளரின் அறிக்கை. அபிப்பிராயம் சுத்தமாக இருக்கிறதா, நிபந்தனை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், அதற்குக் கீழே பிரதான கணக்காய்வு விடயங்கள் என்று ஒரு பகுதி வரும், அதைத் தவறவிடாதீர்கள். எந்த இடத்தில் முகாமையின் மதிப்பீடு அதிகம் புகுந்திருக்கிறது என்று கணக்காய்வாளரே அங்கே காட்டித் தருகிறார்.

அடுத்தது காசுப் பாய்ச்சல் கூற்று, அதாவது ஆண்டுக்குள் காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டுவது. வருமானக் கூற்றுக்கு முதல் இதைப் பார்க்கச் சொல்வது ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். விற்பனை 100 மில்லியனிலிருந்து 130 ஆகிவிட்டது, இலாபம் 12 மில்லியன். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வியாபார வருமதி (கடனுக்கு விற்று இன்னும் வராத காசு) 20 இலிருந்து 45, இருப்பு (விற்காமல் கிடக்கும் சரக்கு) 15 இலிருந்து 30, சென்மதி (நாம் இன்னும் கொடுக்காத காசு) 10 கூடியிருக்கிறது, பெறுமானத் தேய்வு (காசு வெளியே போகாத செலவு) 3. இலாபம் 12, தேய்வைக் கூட்டினால் 15, வருமதிக்கு 25 ஐயும் இருப்புக்கு 15 ஐயும் கழித்து, சென்மதி 10 ஐக் கூட்டுங்கள். தொழிற்பாட்டுக் காசு, அதாவது வியாபாரத்தால் வந்த காசு, மறை 15 மில்லியன்! 12 மில்லியன் உழைத்ததாகச் சொல்லும் கம்பனி 15 மில்லியனைக் கடனாகவோ கையிருப்பிலிருந்தோ எடுத்துத்தான் அந்த ஆண்டை ஓட்டியிருக்கிறது.

இப்போது விகிதத்தை எடுங்கள். கடன் சேகரிக்கும் காலம் 73 நாளிலிருந்து 126 நாளாகியிருக்கும். அது ஏன் என்ற கேள்வியோடு வருமதிக் குறிப்புக்குப் போங்கள். எத்தனை மாதத்துக்கு மேற்பட்ட கடன் எவ்வளவு, அறவிட முடியாததற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும். பழைய கடன் இரண்டு மடங்காகியும் ஒதுக்கம் அப்படியே கிடந்தால், அந்த இலாபத்தை நான் நம்பமாட்டேன்.

சம்மாந்துறை வட்டை:

தம்பி, வாவிக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். திகதியைப் பாருங்க. நம்மட நாட்டில் நிறையக் கம்பனிகளுக்கு ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அந்த நேரம் அம்பாறையில் பெரும்போக அறுவடை நெல் ஆலைக்கு வந்து குவிந்திருக்கும், நெல் வாங்க எடுத்த வங்கிக் கடனும் உச்சத்தில் நிற்கும். ஒரு ஆலையின் கணக்கை மார்ச் 31 இல் பார்த்தால் இருப்பும் கடனும் மலை போல, டிசம்பரில் பார்த்தால் களஞ்சியம் கிட்டத்தட்ட வெறுமை. ஒரே வியாபாரம்தான். பசளை, கிருமிநாசினி விற்கிற கம்பனிகளுக்கும் அப்படித்தான், விதைப்புக் காலத்தில் முகவருக்குக் கடனுக்குக் கொடுத்து அறுவடைக்குப் பிறகுதான் காசு வரும்.

அதனால் காலாண்டு அறிக்கையை எடுத்தால் முந்தின காலாண்டோடு ஒப்பிடாதீங்க, போன வருஷத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்க. பாசிக்குடாவில் ஹோட்டல் வைத்திருக்கிற கம்பனி என்றால் நம்மட கரையில் சீசன் ஏப்ரல், மே அளவில் தொடங்கி செப்டெம்பர் மட்டும்தான். டிசம்பர் காலாண்டு நட்டத்தைப் பார்த்து யாரும் பயந்து ஓடத் தேவையில்லை. காலாண்டுக் கணக்குகள் பெரும்பாலும் கணக்காய்வு செய்யப்படாதவை, அதையும் மனதில் வையுங்க.

கணக்கீட்டு ஆசிரியை:

தம்பி, வாவிக்கரை சேர் விகிதத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு ஆண்டின் விகிதம் ஒன்றும் சொல்லாதுதான், ஆனால் ஒரே கம்பனிக்கு ஐந்தாறு ஆண்டு விகிதங்களை ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள், எந்த ஆண்டில் என்ன உடைந்தது என்று உடனே தெரியும். உங்கள் 24% நல்லதா என்று அப்போதுதான் கேட்கவே முடியும், அதே துறையில் இன்னொரு கம்பனியையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் இலங்கையில் அந்த வரிசைக்குள் 2022 வந்துவிடுகிறது, அங்கேதான் கவனம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை அண்டி இருந்தது, அந்த மாதம் முடிவதற்குள் 290 ஐத் தாண்டிவிட்டது. டொலரில் வருமானமும் வைப்பும் இருந்த ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு மார்ச் 31 இல் பெரிய நாணயமாற்று இலாபம், டொலரில் கடன் வைத்திருந்தவர்களுக்கு அதே அளவு அடி. இரண்டும் வியாபாரத் திறமையைக் காட்டுவதில்லை, நிதி வருமானக் குறிப்பில் தேடிப் பிரித்தெடுங்கள். அந்த செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70%, ஆகவே விற்பனை 40% கூடியது என்றால் விற்ற பொருளின் அளவு குறைந்திருக்கவே கூடும். 2022 ஒக்டோபரிலிருந்து கம்பனி வரி 24% இலிருந்து 30% ஆனதால் பிற்போடப்பட்ட வரியை (பின் வரும் ஆண்டுகளில் கட்டவேண்டிவரும் வரி) மறுபடி கணித்து, அதனால் மட்டும் தேறிய இலாபம் விழுந்த கம்பனிகளும் உண்டு. வரிக்கு முந்திய இலாபத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குத்தகை பற்றிய நிதி அறிக்கையிடல் நியமம் 16, 2019 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நீண்டகாலக் கடை வாடகையில் பெரும்பகுதி தேய்வாகவும் வட்டியாகவும் மாறியது, குத்தகைக் கடனின் முதலைத் திருப்பிச் செலுத்துவது காசுப் பாய்ச்சல் கூற்றின் நிதியிடல் பகுதிக்குப் போனது. நிறையக் கிளைகளை வாடகைக்கு வைத்திருக்கும் கம்பனியின் தொழிற்பாட்டுக் காசு அந்த ஆண்டில் திடீரென்று கூடினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பாண்டிருப்பான்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு காசுப் பாய்ச்சலிலிருந்து தொடங்கினேன், நிறைய விளங்குது. இரண்டு சந்தேகம். குழுமம், கம்பனி என்று இரண்டு நிரல், எதை வாசிப்பது? இலாபத்தில் பெரிய பங்கு முதலீட்டு ஆதனத்தின் நியாயப் பெறுமதி அதிகரிப்பு என்று போட்டிருக்கிறார்கள், அதை எப்படி எடுப்பது?

வாவிக்கரை:

வியாபாரத்தை விளங்கக் குழுமம், அதாவது தாய்க் கம்பனியும் துணைக் கம்பனிகளும் சேர்ந்த கணக்கு. ஆனால் உங்களுக்குப் பங்கிலாபம் தருவது கம்பனி, அதாவது தாய்க் கம்பனி மட்டும், ஆகவே கம்பனி நிரலில் காசும் நிறுத்திவைத்த வருவாயும் இருக்கிறதா பாருங்கள். துணைக் கம்பனியில் காசு, தாய்க் கம்பனியில் கடன் என்று இருந்தால் பங்கிலாபம் இழுபடும்.

நியாயப் பெறுமதி அதிகரிப்பு காசு இல்லை, கழித்துவிட்டுப் பாருங்கள். அதே காணியைக் கம்பனி தானே பாவித்தால் மறுமதிப்பீட்டு உபரி பொதுவாக ஏனைய விரிவான வருமானத்துக்குப் போகும், இலாபத்தில் விழாது. வாடகைக்கு விட்டாலோ விலை ஏறட்டும் என்று வைத்திருந்தாலோதான் நேரே இலாபத்தில் வருகிறது. ஆகவே இரண்டு கம்பனியை ஒப்பிடும்போது காணி எந்தத் தலைப்பில் கிடக்கிறது என்று குறிப்பில் பாருங்கள். அப்படியே செலுத்திய வட்டியையும் பாருங்கள், கணக்கீட்டு நியமம் 7 அதைத் தொழிற்பாட்டிலும் போட விடுகிறது, நிதியிடலிலும் போட விடுகிறது. இரண்டு கம்பனியையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகுதான் தொழிற்பாட்டுக் காசை ஒப்பிடலாம். கம்பனியின் பெயரைப் போடாமல் அந்தக் காசுப் பாய்ச்சல் இலக்கங்களை மட்டும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.